வயலில் வைத்த தீ கடலுக்குப் போன கதை



பங்குனி மாதம் நம் கூட்டமைப்பில் நடந்த ஒரு சங்கதி உங்களில் பலருக்குத் தெரியும். கரும்பு வெட்டி முடிந்த வயலில் நம் உறுப்பினர் ஒருவர் சோகைக்குத் தீ வைத்தார். சாயங்காலம் காற்று திரும்பிவிட்டது. பக்கத்து வயலில் சொட்டுநீர்க் குழாய் உருகிப்போனது, வரப்பில் இருந்த நாலு தென்னங்கன்றும் கருகிப்போனது. பக்கத்து வயல்காரரும் நம் உறுப்பினர்தான். இருவரும் ஒரே குழு, பத்து வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டியவர்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒருவர் கூட்டத்துக்கு வந்தால் மற்றவர் வருவதில்லை.

சித்திரையில் கோடை மழை பெய்தது. எரிந்த வயலில் இருந்து வாய்க்காலில் தண்ணீர் மை கரைத்த மாதிரி கருப்பாக ஓடியது. அடுத்த கூட்டத்தில் இந்தச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சண்டை இருக்கட்டும்மா. எரிஞ்சதெல்லாம் எங்க போச்சு? புகை மேல போச்சு. சாம்பலு காத்துல போச்சு. இந்தக் கரி மட்டும் வாய்க்கால்ல போவுதே, அது எங்கதான் போய்ச் சேரும்? மண்ணுல மக்கிடுமா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டோம், படித்தும் பார்த்தோம். கிடைத்த பதில் எங்களையே ஆச்சரியப்பட வைத்தது. அந்தப் பதிலைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

சாம்பல் வேறு, கரி வேறு

அடுப்பு எரிக்கிற நமக்கு இது புதுசு இல்லை. விறகு முழுசாக எரிந்தால் மிஞ்சுவது வெள்ளைச் சாம்பல். அது மண்ணில் இருந்து மரம் உறிஞ்சிய உப்புச் சத்து. சாம்பல் உப்பு, மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில் இருக்கிறது.

காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் மிஞ்சுவது கரி. விறகு நடுவில் தண்ணீர் தெளித்து அணைத்தால் கிடைக்கிற அடுப்புக்கரியும் இதுதான், பானை அடியில் படிகிற கரியும் இதுதான், கூரையில் தொங்குகிற ஒட்டடைப் புகைக்கரியும் இதுதான். துண்டாக இருந்தாலும், தூளாக இருந்தாலும், புகையோடு பறந்தாலும், விஞ்ஞானிகள் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் 'கருப்புக் கார்பன்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

காடு எரிந்தாலும், புல் எரிந்தாலும், சோகை எரிந்தாலும் பெரும்பகுதி புகையாகவும் கரியமில வாயுவாகவும் வானத்துக்குப் போய்விடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சுகிறது. கொஞ்சம்தானே என்று தோன்றும். உலகம் முழுவதும் காட்டுத்தீ, புல்வெளித்தீ, வயல்தீ எல்லாவற்றிலும் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 25 கோடி டன் கரி இப்படி உண்டாகிறது என்று 2019-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கரி ஏன் சீக்கிரம் மக்குவதில்லை?

இலை தழையைக் குப்பைக்குழியில் போட்டால் ஆறு மாதத்தில் மக்கி எருவாகிறது. அடுப்புக்கரியைப் போட்டுப் பாருங்கள். குழியை வெட்டி அள்ளும்போது போட்டது போட்டபடி இருக்கும். ஏன்?

மக்குவது என்றால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று செரிப்பது. இலையில் இருக்கிற கார்பன் அணுக்கள் தளர்ந்த சங்கிலி மாதிரி இருக்கும். நுண்ணுயிர்கள் சுலபமாக அறுத்துத் தின்றுவிடும். தீயில் சுட்ட பிறகு அதே கார்பன் அணுக்கள் ஆறு ஆறாகக் கை கோத்து வளையமாக நின்றுவிடும். நாம் கும்மி அடிக்கும்போது வட்டமாக நிற்போமே, அதுபோல. ஒரு வட்டத்தோடு இன்னொரு வட்டம் ஒட்டிக்கொண்டு, தேன்கூடு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். இந்தப் பிடியைப் பிரித்துத் தின்ன நுண்ணுயிர்களுக்குப் பல் போதாது.

அதனால்தான் ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அடுப்புக்கரிகூட இன்றைக்கும் மண்ணுக்குள் கிடைக்கிறது. நம் கீழடியில் ஆழத்தில் இருந்து எடுத்த ஒரு கரி மாதிரியைச் சோதித்து, அது கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-ல் தொல்லியல் துறை அறிவித்தது நினைவு இருக்கும். கரி மக்கிப்போகிற பொருளாக இருந்தால் அந்தக் கணக்கே கிடைத்திருக்காது.

சரி, கரி மக்காது. அப்படியானால் மண்ணிலேயே கிடக்குமா? விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். இங்கேதான் ஆற்றின் கதை வருகிறது.

கரி தண்ணீரில் கரையுமா?

ஒரு டம்ளர் தண்ணீரில் கரித்துண்டைப் போட்டால் கரையாது, மிதக்கும். தூளாக்கிப் போட்டால் தண்ணீர் கலங்கலாகி, கொஞ்ச நேரத்தில் தூள் கீழே படியும். வாய்க்காலில் நாம் பார்த்த கருப்பு இந்த மாதிரித் தூள்தான். மேல்மண் அரித்துக்கொண்டு போகும்போது கரித்தூளும் கூடப் போகும். ஆற்றில் வண்டல் எங்கே படிகிறதோ அங்கே இதுவும் படியும். வெள்ளம் வந்தால் மறுபடி கிளம்பும். இது ஒரு வழி.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. மழையிலும் வெயிலிலும் கிடக்கிற இரும்பு துருப்பிடிக்கிறது இல்லையா? அதுபோல மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கிற கரியின் ஓரங்களில் காற்றும் தண்ணீரும் நுண்ணுயிரும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும். கும்மி வட்டத்தின் ஓரத்தில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போகிற மாதிரி, சின்னச் சின்ன வளையத் துணுக்குகள் பிரிந்து வரும். இந்தத் துணுக்குகள் தண்ணீரில் கரையும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கசிந்து ஓடைக்கு வரும்போது, டீத்தூளில் இருந்து சாறு இறங்குகிற மாதிரி, இவையும் சேர்ந்து இறங்கிவிடும். வடிகட்டினாலும் நிற்காது. பார்த்தால் தண்ணீர் சாதாரணமாகத்தான் இருக்கும்.

பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருப்பதைப் பிரித்தெடுத்து, நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்குவார்கள். மற்ற பொருள் எல்லாம் சிதைந்துவிடும். நெருப்பில் உருவான வளையங்கள் மட்டும் அடையாளம் தெரிகிற மாதிரி மிஞ்சும். அவற்றை எண்ணினால் 'இது தீயில் பிறந்தது, இத்தனை இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். பானை உடைந்தாலும் ஓட்டை வைத்து இது சுட்ட மண் என்று நாம் சொல்கிறோமே, அந்த மாதிரிதான்.

பிரேசில் நாட்டு ஆறு சொன்ன சேதி

தென் அமெரிக்காவில் பிரேசில் என்று ஒரு நாடு. அதன் கிழக்குக் கடலோரம் முழுக்க ஒரு காலத்தில் அடர்ந்த காடு. அட்லாண்டிக் காடு என்று பெயர். பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் தமிழ்நாடு மாதிரி பத்துத் தமிழ்நாடு சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு.

அந்தக் காட்டுக்குள் ஓடுகிற ஆறு பரைபா தோ சூல். நீளம் 1,100 கிலோமீட்டருக்கு மேல். நம் காவிரியைவிட நீளம். ரியோ டி ஜெனிரோ என்ற பெரிய நகரத்துக்குக் குடிதண்ணீர் இந்த ஆற்றில் இருந்துதான் திருப்பிக் கொண்டுபோகிறார்கள்.

1800-களில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் போட்டார்கள். மலையில் இருக்கிற மரத்தை வெட்டிச் சாய்ப்பது, காயவிடுவது, தீ வைப்பது, அந்தச் சாம்பலில் காப்பிச்செடி வைப்பது. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துக் கொண்டுவந்த அடிமைகளை வைத்துத்தான் இந்த வேலையெல்லாம் நடந்தது. 1888-ல்தான் அந்த நாட்டில் அடிமை முறை ஒழிந்தது. சில பத்து வருஷத்தில் மண் சத்து போய்விடும். உடனே அடுத்த மலைக்குத் தீ. விட்டுப்போன மலை மாடு மேய்கிற புல்தரையாக மாறும். காப்பிக்காக, கரும்புக்காக, மாட்டுக்காக என்று எரித்து எரித்து, அவ்வளவு பெரிய காட்டில் இன்றைக்குச் சிறு பங்குதான் மிச்சம்.

1973 வாக்கில் இந்தப் பெரிய எரிப்பு நின்றுபோனது. எரிக்கக் காடு மிச்சம் இருந்தால்தானே!

பல வருஷம் கழித்து விஞ்ஞானிகள் இந்த ஆற்றில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த தோர்ஸ்டன் டிட்மார், பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் எடுவார்டோ டி ரெசெண்டே ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் சேர்ந்து செய்த ஆய்வு இது. 1997 முதல் 2008 வரையிலான காலத்துக்குக் கணக்குப் போட்டு, 2012-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்:

* 1973-க்கு முன் அந்தக் காட்டை எரித்ததில் உண்டான கரி 20 கோடி டன் முதல் 50 கோடி டன் வரை இருக்கும்.

* எரிப்பு நின்று பல பத்து வருஷம் ஆன பிறகும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆற்றுத் தண்ணீரில் கரைந்த கரி வந்துகொண்டே இருக்கிறது.

* இந்த ஒரு ஆறு மட்டும் வருஷத்துக்கு 2,700 டன் கரைந்த கரியைக் கடலில் சேர்க்கிறது. லாரிக்குப் பத்து டன் என்றால் 270 லாரி லோடு!

* அந்தப் பழைய காட்டு நிலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், வருஷத்துக்கு 50,000 முதல் 70,000 டன் வரை.

மழைக்காலத்தில்தான் அதிகம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வெயில் காலத்தில் ஆற்றில் ஓடுவது ஆழத்தில் இருந்து ஊறுகிற தண்ணீர். மழைக்காலத்தில் தண்ணீர் மேல்மண்ணை நனைத்து ஊறி வருகிறது. கரி இருப்பது மேல்மண்ணில். அதனால் மழை பெய்யப் பெய்ய, மண் தன்னிடம் இருக்கிற பழைய கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விடுகிறது.

நம் பாஷையில் ஒரு கணக்கு

கடன் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது சுலபமாகப் புரியும். தீ வைத்த நாளில் மண் ஒரு கடன் வாங்கிக்கொண்டது என்று வையுங்கள். அசல் 20 கோடி டன். வருஷத் தவணை 70,000 டன். இந்த வேகத்தில் கட்டினால் அசல் தீர எத்தனை வருஷம்? வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 2,900 வருஷம். அசல் 50 கோடி, தவணை 50,000 என்று வைத்தால் 10,000 வருஷம்! ஆற்றில் தூளாக அரித்துப் போவதையும், மண்ணிலேயே மெல்லச் சிதைவதையும் சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் தீரலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக் கணக்கு இல்லை.

காப்பிக்காகக் காட்டை எரித்த முதலாளியும் இல்லை, எரிக்கச் சொல்லி அடிபட்ட அடிமையும் இல்லை, அந்தக் காப்பியைக் குடித்தவர்களும் இல்லை. தவணை மட்டும் வருஷா வருஷம் ஆற்றில் போய்க்கொண்டு இருக்கிறது. தீ ஒரு நாளில் அணைந்துவிடும். அதன் கணக்கு அன்றைக்கே முடிவதில்லை.

எல்லா ஆற்றிலும் இப்படித்தானா?

ஆமாம். பெரிய ஆறு, சின்ன ஆறு, பனிப்பிரதேச ஆறு, வெப்பநாட்டு ஆறு என்று உலகில் பல இடங்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். பார்த்த இடமெல்லாம் கரைந்த கரி இருந்தது. 2013-ல் 27 ஆறுகளின் தண்ணீரை வைத்து ஒரு கணக்கு வந்தது. 2020-ல் 78 ஆறுகளை வைத்து இன்னும் விரிவான கணக்கு வந்தது. அதன்படி உலக ஆறுகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 1.8 கோடி டன் கரைந்த கரியைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. தூளாக அரித்துப் போவது இதற்கு மேல் 1.7 கோடி முதல் 3.7 கோடி டன் வரை என்று 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

ஆற்றுத் தண்ணீரில் இலை, தழை, மண் இவற்றில் இருந்து கரைந்து வருகிற கார்பன் எப்போதும் உண்டு. மொத்தமாக அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நெருப்பில் பிறந்தது என்றால் பாருங்கள்.

நம் தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் எல்லாம் தாண்டி, கடலூர் பக்கம் கடலில் கலக்கிறது. வழியில் எத்தனை வயல், எத்தனை காடு, எத்தனை அடுப்பு! எந்த ஆற்றுக்கும் உள்ள இயற்கை விதி நம் ஆற்றுக்கும் உண்டு. நம் வாய்க்கால் கருப்புக்கும் போகிற வழி அதுதான்.

கடலுக்குப் போன பிறகு?

கடலில் சேர்ந்த கரிக்கு மூன்று விதமான முடிவு உண்டு.

ஒன்று, வெயில். கடலின் மேல்மட்டத்தில் சூரிய வெளிச்சம் பட்டால் வளையங்கள் உடையும். வெளுத்துப்போகிற சேலை மாதிரி. ஆற்றில் வந்த கரைந்த கரியில் நல்ல பங்கு இப்படிச் சிதைகிறது.

இரண்டு, கீழே படிவது. தூளாக வந்தது கடலடிச் சேற்றில் புதைந்துவிடும். கரைந்து வந்ததிலும் கொஞ்சம் துகள்களில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

மூன்று, ஆழ்கடல். வெளிச்சமே படாத ஆழத்தில் கரைந்த நிலையில் அப்படியே தங்கிவிடுவது. கடல் முழுக்க இப்படித் தங்கியிருக்கிற கரைந்த கரி ஆயிரம் கோடி டன்னுக்கு மேல் இருக்கும். ஆழ்கடல் தண்ணீரில் இருந்து எடுத்த இந்தக் கரியின் வயதைச் சோதித்தபோது சுமார் 18,000 வருஷம் என்று வந்தது. அந்தக் காலத்தில் மனுஷன் இன்னும் விவசாயமே தொடங்கவில்லை!

இதில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் வருகிற கரிக்கும் நடுக்கடலில் இருக்கிற கரிக்கும் ஜாடை ஒத்துப்போகவில்லை என்று 2019-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கார்பனில் கனமானது, லேசானது என்று வகை உண்டு. அந்த விகிதம் இரண்டிலும் வேறு வேறாக இருக்கிறது. அப்படியானால் ஆற்றில் வந்ததில் பெரும்பகுதி கடலோரத்திலேயே சிதைகிறதா? நடுக்கடல் கரி வேறு எங்கிருந்தோ வந்ததா? இதில் ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது.

கரி கெட்டதா, நல்லதா?

இதைப் படித்ததும் 'ஐயோ, கரி விஷமா? ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?' என்று பயப்பட வேண்டாம். காடு இருக்கிற காலத்தில் இருந்து தீயும் இருக்கிறது. தீ இருக்கிற காலத்தில் இருந்து ஆற்றில் கரியும் இருக்கிறது. பானைத் தண்ணீரைத் தெளிய வைக்க மணலோடு கரியும் போட்டு வடிகட்டுகிறவர்கள் நம்மில் உண்டு.

மண்ணில் கிடக்கிற கரிக்கு நல்ல குணமும் உண்டு. ஈரம் பிடிக்கும், சத்தைப் பிடித்து வைக்கும். பிரேசிலின் அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் நூற்றுக்கணக்கான வருஷத்துக்கு முன் கரி, குப்பை, எலும்பு எல்லாம் சேர்த்து உண்டாக்கிய கருப்பு மண் இன்றைக்கும் வளமாக இருக்கிறது. கரியாகப் புதைந்த கார்பன் சீக்கிரம் வானத்துக்குப் போகாது. பூமி சூடாவதை அந்த அளவுக்குக் குறைக்கிறது.

"அப்ப எரிக்கிறது நல்லதுதானே?" என்று ஒரு சகோதரி உடனே கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. பதில் இதுதான். பத்துப் பங்கு எரித்தால் ஒரு பங்குதான் கரி. மீதி ஒன்பது பங்கு புகை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வயல் ஓரம் நிற்கிற நாமும் நம் பிள்ளைகளும்தான். புகையோடு பறக்கிற கரித்தூள் வெயிலை உறிஞ்சி காற்றைச் சூடாக்கும். பனிமலையில் போய்ப் படிந்தால் வெள்ளைப் பனி கருத்து, சீக்கிரம் உருகும். ஒரு ரூபாய் சேமிக்க ஒன்பது ரூபாயைக் கொளுத்துகிறவரைச் சிக்கனக்காரர் என்று நம் குழுவில் யாராவது சொல்வோமா?

நம் வயலில் எரிந்து போவது என்ன?

ஒரு ஏக்கர் கரும்பில் சுமார் 4 டன் காய்ந்த சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து நூற்றுக்கு 0.35 பங்கு. கணக்குப் போட்டால் 14 கிலோ. கடையில் வாங்கினால் அரை மூட்டை யூரியாவுக்கு மேல். எரித்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பல் சத்து வயலில் மிஞ்சும், ஆனால் முதல் மழைக்கு வாய்க்காலில் ஓடிவிடும். நாம் பார்த்த கருப்புத் தண்ணீர் சும்மா கருப்பு இல்லை, நம் காசும் அதில் கரைந்து போனது.

ஆனால் நாங்கள் ஒரு பக்கம் மட்டும் பேச விரும்பவில்லை. சோகைக்குத் தீ வைத்த சகோதரி சொன்னதையும் கேட்க வேண்டும். "சோகையை அள்ள நாலு ஆளு வேணும். கூலிக்கு எங்க போறது? மறுதாம்பு கிளம்பணும், தண்ணி பாய்ச்சணும், சோகைக்குள்ள பாம்பு கெடக்கு. ஒத்தப் பொம்பள நான் என்ன பண்ணுவேன்?" என்றார். இது நியாயமான பேச்சு. வேறு வழி காட்டாமல் எரிக்காதே என்று சொல்வது சுலபம்.

பிரேசிலிலும் இந்தச் சிக்கல் வந்தது. அங்கே கரும்பை வெட்டுவதற்கு முன்பே தீ வைத்துச் சோகையை எரித்துவிட்டுத்தான் கையால் வெட்டுவார்கள். கரும்பு அதிகம் விளைகிற சாவோ பாவ்லோ மாநிலத்தில், இந்த எரிப்பைப் படிப்படியாக நிறுத்த 2002-ல் சட்டம் வந்தது. 2007-ல் ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டு இன்னும் வேகப்படுத்தினார்கள். புகை குறைந்தது. ஆனால் பச்சைக் கரும்பை வெட்ட இயந்திரம் வந்தது, கரும்பு வெட்டிப் பிழைத்த ஏராளமான பேருக்கு வேலை போனது. ஆகவே, எரிப்பை நிறுத்தும்போது அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

1. சோகையை எரிக்காமல் சால் விட்டுச் சால் பரப்பலாம். ஒரு சாலில் சோகை, அடுத்த சாலில் தண்ணீர். ஈரம் காக்கும், களை குறையும், அடுத்த பயிருக்குள் பாதி மக்கிவிடும்.

2. சோகையைத் தூளாக்குகிற இயந்திரம் டிராக்டரில் மாட்டி ஓட்டுவது. ஒருவர் தனியாக வாடகைக்குக் கூப்பிட்டால் கட்டாது. பத்துப் பேர் வயலை ஒரே வாரத்தில் முடிக்கச் சொன்னால் வாடகை குறையும். இதற்குக் குழுதான் சரியான இடம்.

3. வயல் ஓரத்தில் குழி எடுத்து, சோகை ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் ஒரு அடுக்கு என்று போட்டு மக்க வைக்கலாம். மாடு வைத்திருக்கிற உறுப்பினரும் கரும்பு வைத்திருக்கிற உறுப்பினரும் கூட்டுச் சேரலாம்.

4. ஆள் கிடைக்காத உறுப்பினருக்குக் குழுவே ஒரு நாள் மாற்றாள் வேலை செய்யலாம். நம் அம்மா காலத்தில் நடவுக்கு இப்படித்தானே மாற்றி மாற்றிப் போனார்கள்?

5. வரப்பு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் புல்லை ஒட்டச் செதுக்காமல் ஒரு பட்டை விட்டு வையுங்கள். மழைத்தண்ணீர் வேகம் குறைந்து, மேல்மண்ணும் கரித்தூளும் அங்கேயே படியும்.

கூட்டத்தில் நடந்தது

இந்த விவரத்தை எல்லாம் வைகாசிக் கூட்டத்தில் படித்துக் காட்டினோம். பிரேசில் கதையைக் கேட்டுவிட்டு அந்த மூத்த உறுப்பினர், "அப்ப நம்ம வச்ச தீ நம்ம பேரப்புள்ள காலத்துலயும் தண்ணியில போய்க்கிட்டு இருக்கும்னு சொல்லு" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

குழாய் உருகிப்போனவர் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தார். தீ வைத்தவரும் வந்திருந்தார், ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு மூலையில் உட்கார்ந்து இருந்தார்கள். குழாய்க்கு ஆகும் செலவில் பாதியைத் தீ வைத்தவர் தவணையாகக் கொடுப்பது, மீதிக்குக் குழு உள்கடன் கொடுப்பது, தென்னங்கன்று நாலையும் எல்லாரும் சேர்ந்து வைத்துக் கொடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வெட்டுக்கு இருவர் வயலுக்கும் ஒரே நாளில் சோகை தூளாக்கும் இயந்திரம் வரவழைப்பது என்றும் முடிவானது. பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் கூட்டத்துக்கு இருவரும் வருகிறார்கள்.

உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்

* நம் ஊரில் எந்தெந்த மாதம், எதெதற்குத் தீ வைக்கிறோம்? எதை நிறுத்த முடியும், எதை முடியாது?

* முதல் மழையில் நம் வயல் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக, எந்த ஏரிக்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது? பிள்ளைகளை வைத்து ஒரு படம் வரையச் சொல்லுங்கள்.

* தீ வைப்பதைத் தவிர வழி இல்லாத உறுப்பினர் யார்? அவருக்குக் குழு என்ன செய்ய முடியும்?

பேசி முடிவெடுத்ததை உங்கள் பிரதிநிதி மூலம் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.